மணலுக்கு வயிறில்லை

தங்கச்சிமடத்தில் மண்வெட்டி பிடித்துப்
பத்தடி இறங்கினால் தண்ணீர்.
இனிக்கும்.
இன்னும் பத்தடி ஆசைப்பட்டால் கடல்.
இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது.
மேலே மிதக்கிற கொஞ்சம்தான் எங்களுக்கு.

அந்தக் கிணற்றுக்குப் பன்னிரண்டு முழம் தள்ளி
இருபதாயிரம் மல்லிகைக் குச்சி ஊன்றியிருந்தேன்.
வேர்விட்டால் நிலக்கோட்டை போகும்,
சத்தியமங்கலம் போகும்,
நான் பஸ் ஏறாத ஊரிலெல்லாம் பூக்கும்.

இலை வெளுத்தால் யூரியா.
வேர் அழுகினால் வேறொரு பொடி, ஊதாநிறப் பையில்.
கடைக்காரர் மூடியில் அளந்து காட்டியதை
நான் சிரட்டையில் அளந்தேன்.
சிரட்டை கொஞ்சம் பெரிது.
பயமும் அப்படித்தான்.

ஊற்றியது எங்கே போகும் என்று
கரிசல்காட்டுக்காரர்கள் கேட்காமல் இருந்துகொள்ளலாம்.
அந்த மண் வாங்கி, வைத்து,
யோசித்துத்தான் கீழே விடும்.
இது மணல்.
மணலுக்கு வயிறில்லை.
விழுங்கியதை அப்படியே
அடுத்தவர் வாயில் விடும்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
தண்ணீர் சோதிக்கிற பெட்டியோடு பிரிஸ்கா வந்தாள்,
மகளிர் குழுவில் பயிற்சி எடுத்தவள்.
சின்னக் கண்ணாடிக் குழாயில்
எங்கள் கிணறு ஐந்து மில்லி.
ஒரு பொடி போட்டுக் குலுக்கினாள்.
மல்லிகை மொட்டின் முதுகில்
சில நாள் ஒரு சிவப்பு ஓடுமே,
அது ஏறியது, மெல்ல.
அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கம்.

"நைட்ரேட்" என்றாள், நோட்டில் எழுதிக்கொண்டே.
"இதைக் குடிக்கிறதில்
கைக்குழந்தை இருக்கிற வீடு எது?"

ஜுலைகாவின் இடுப்பில் குடம் இருந்தது.
என் வாளி, என் கயிறு,
அப்போதுதான் இறைத்தது.
என்னைப் பார்க்கவில்லை அவள்.
தென்னை மூட்டில் குடத்தைச் சாய்த்துவிட்டுப் போனாள்.
மறுநாளிலிருந்து எட்டு வீட்டுக்கும்
வண்டித் தண்ணீர், குடம் பத்து ரூபாய்.

பிறகு நான் செய்ததெல்லாம்
பெரிய காரியம் ஒன்றுமில்லை.
காற்று கரையில் ஒதுக்கிய கடல்தாழையை
மேட்டில் விரித்துப்போட்டு
இரண்டு மழை உப்பைக் கழுவட்டும் என்று இருந்தேன்,
அப்புறம் பாத்திக்கு மூடாக்கு.
மீன் தலையும் வெல்லமும் நீல டிரம்மில், மூடி இறுக்கி.
திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற அருளப்பன்
வாசலிலேயே நின்று சொன்னார்:
"நடுக்கடலில் இந்த நாற்றம் இல்லையடி."
துவைத்த தண்ணீர் கிணற்றோரம் ஓடிய வாய்க்காலை
மண்போட்டு அடைத்துக்
கல்வாழைப் பக்கம் திருப்பினேன்.
மோட்டார் காலையில் கால்மணி நேரம்.
அதற்குமேல் இழுத்தால்
கடல் எட்டிப் பார்க்கும்.

நாற்று மெதுவாகத்தான் வந்தது.
நிலக்கோட்டை வியாபாரி இலையைத் திருப்பிப் பார்த்து
"பச்சை பத்தலையே" என்று
நாற்றுக்கு இருபது காசு குறைத்தார்.
நாலாயிரம்.
விரல்விட்டு எண்ணினேன், இரண்டு தரம்.
அன்றைக்கு ராத்திரி
ஊதாப் பை எங்கே வைத்தேன் என்று
ஒரு நிமிஷம் தேடவும் செய்தேன்.

தை பிறந்து மறுபடி சோதனை.
குழாயை அட்டையோடு ஒட்டிப் பிடித்து
"இரண்டு கட்டத்துக்கு நடுவில்" என்றாள் பிரிஸ்கா.
"வெள்ளையாத்தானே இருக்கு" என்றேன்.
"வெள்ளை இல்லைக்கா."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜுலைகா வந்தாள்.
குழாயை வாங்கிக்
கடல் இருக்கிற திசைக்குத் திரும்பி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
இடுப்பிலிருந்த பிள்ளை
அதைப் பறிக்கக் கை நீட்டியது.
அவள் கையை இன்னும் உயர்த்தினாள்.

"இன்னொரு ஐப்பசி வேணும்" என்றாள்.

குடம் கொண்டுவந்திருக்கவில்லை.
போகிற வழியில்
கிணற்றுக் கயிறு இற்றிருந்த இடத்தில்
ஒரு முடிச்சுப் போட்டு
இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.